இல்லாத ஊரைக் காட்டுகிறவர்: வடசென்னையில் வழிகாட்டியோடு ஒரு நாள்

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிறவர்களும், கோப்புகளோடு நீதிமன்றத்துக்கு விரைகிறவர்களும், தலையில் சரக்கோடு நடக்கிறவர்களும் நாள் முழுக்க அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தாலும் அது எதற்காக அங்கே நிற்கிறது என்று விளங்காது. 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதுபோன்ற ஆறு தூண்களை வரிசையாக நட்டு, அந்த வரிசைக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று எல்லை வகுத்தது. ஆறில் எஞ்சியது இது ஒன்றுதான். தூணுக்குத் தெற்கே அன்று வெட்டவெளியாகக் கிடந்த நிலத்தில் அதற்கு முன்பு ஒரு நூற்றாண்டுக் காலம் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது என்பதை, அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னாலொழிய, அந்த முனையில் பார்ப்பதற்கு ஒரு கல்லையும் போக்குவரத்து நெரிசலையும் தவிர வேறொன்றும் இல்லை.

தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு வடசென்னையை ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தை விளங்கிக்கொள்ள இந்தத் தூணே நல்ல தொடக்கம். தஞ்சாவூரிலோ மாமல்லபுரத்திலோ பார்க்க வேண்டியது கண்முன் நிற்கிறது. வழிகாட்டி விளக்கம் சேர்க்கிறார், அவர் இல்லாவிட்டாலும் கோபுரம் கோபுரமாகவே தெரியும். இங்கே நிலைமை வேறு. சென்னையின் முதல் ஊர் இடித்துத் தள்ளப்பட்டது. இரண்டாவது ஊர் இன்றுவரை மொத்த வியாபாரச் சந்தையாக இயங்கிக்கொண்டிருப்பதால், அதன் பழைமை பெயர்ப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தார்ப்பாய்களுக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. ஆகவே இந்த ஊரில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைத் தகவலுக்கான விலையென்று கொள்ள முடியாது. தகவல் கைபேசியிலேயே கிடைத்துவிடுகிறது. எதைப் பார்த்த பிறகு எதைப் பார்த்தால் இல்லாத ஊர் மனத்தில் எழும் என்ற வரிசைக்குத்தான் அந்த விலை.

சென்னையில் பாரம்பரிய நடைகள் புதியவை அல்ல. 2004 முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடப்படுவதும், அந்த வாரங்களில் பல குழுக்கள் மக்களை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதும் வாசகர்கள் அறிந்ததே. அவற்றால் இந்நகரத்துக்குக் கிடைத்த நன்மை பெரிது. ஆனால் முப்பது பேர் சேர்ந்து அரண்மனைக்காரன் தெருவின் நடைபாதையில் நிற்க இடமில்லை. பின்வரிசையில் நிற்பவருக்கு வழிகாட்டியின் குரலைவிட ஆட்டோவின் ஒலிப்பான்தான் நன்றாகக் கேட்கும். இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் சந்துகளுக்குள் திரும்பவும் முடியாது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பமோ நண்பர் கூட்டமோ தங்களுக்கென்று ஒருவரை அமர்த்திக்கொள்ளும்போது, நடையின் வேகம் அவர்கள் கையில் இருக்கிறது. பாட்டிக்குக் கால் வலித்தால் கோயில் திண்ணையில் உட்காரலாம், பிள்ளை கேட்கும் கேள்விக்காக வந்த வழியே திரும்பலாம். தொகை தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் குழுவுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதே பொதுவான முறை என்பதால், நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்போது அது தனியொருவருக்குத் தோன்றும் அளவுக்குப் பெருந்தொகையாக இருப்பதில்லை.

சரி, அந்த இல்லாத ஊர் எது? 1639 ஆகஸ்ட் 22 அன்று, இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கம்பெனி ஒரு மணல்திட்டைப் பெற்றது. பேசி முடித்தவர்கள் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும். அவர்களுக்காக இரு மொழியிலும் வாதாடிய துபாஷி பேரி திம்மப்பா. துறைமுகமோ ஆழமான ஆற்று முகத்துவாரமோ இல்லாத இந்தக் கரையை அவர்கள் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் துணி. சுற்றுவட்டாரத்தில் நெய்யப்பட்ட பருத்தித் துணி இங்கே மலிவாகக் கிடைத்தது. கோட்டைக்குள் ஐரோப்பியர் குடியிருந்தனர். அதை ஒட்டி வடக்கே வணிகரும் நெசவாளரும் வண்ணம் தீட்டுவோரும் படகோட்டிகளும் குடியேறிய பகுதி கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடம்தான் அது. அங்கே சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் கோயில்கள் இருந்தன.

1746இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கி வந்துவிடுவான் என்பது அன்றைய போர்முறையின் பாலபாடம். எனவே பிரெஞ்சுக்காரர்கள் கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் உடன்படிக்கையின்படி ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தபோது, அவர்கள் அதே பாடத்தைப் படித்துக்கொண்டு மீதியையும் இடித்தார்கள். கோயில்களும் தப்பவில்லை. குடிகள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டனர். இடிக்கப்பட்ட இரு கோயில்களுக்கும் ஈடாகப் பூக்கடை அருகே கம்பெனி நிலம் தந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் எழுந்த அந்த இரட்டைக் கோயிலை மக்கள் இன்றும் பட்டணம் கோயில் என்கிறார்கள். ஊரின் பெயரையே தாங்கிய சாமி, ஊரோடு சேர்ந்து இடம் பெயர்ந்த கதை இது. பூ வாங்க வருகிறவர்கள் அங்கே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வழிகாட்டி நேராக அந்தக் கோயிலுக்கு அழைத்துச் சென்றால் அது மற்றுமொரு சிறிய கோயில். உயர்நீதிமன்ற மதிலையும் பாரிமுனைத் தூணையும் காட்டிய பிறகு அழைத்துச் சென்றால், கையில் இருப்பது ஒரு அகதியின் முகவரி என்று தெரியும்.

புதிய ஊரின் அமைப்பும் இப்படித்தான் நடந்து பார்த்தால் மட்டுமே பிடிபடும். முத்தியால்பேட்டை கடல் பக்கம், பெத்தநாயக்கன்பேட்டை மேற்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடியது. மழைநீரும் கழிவும் சேர்ந்த அந்தப் பள்ளத்தை அத்தப்பள்ளம் என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டீபன் போபம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அந்தப் பள்ளம் பிரித்தது நிலத்தை மட்டுமன்று. வலங்கை, இடங்கை என்ற சாதிப் பிரிவினருக்குள் எந்தத் தெரு வழியாக யார் ஊர்வலம் போவது என்று தொடங்கிய பூசல் வெட்டுக்குத்து வரை போக, 1700களின் தொடக்கத்தில் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று வரையறை செய்யும் நிலை வந்தது. தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் ஏன் பிராட்வேக்குக் கிழக்கே இருக்கின்றன என்று கேட்பவர், தெருப்பெயரைக் கேட்கவில்லை, பழைய சாதி எல்லையைக் கேட்கிறார். சென்னைக்காரர்கள் பேருந்து நிலையத்தின் பெயராகவே அறிந்திருக்கும் பிராட்வேயில் இதைச் சொல்லி நிறுத்தும் வழிகாட்டிக்கு என் மதிப்பில் பாதிக் கட்டணம் அங்கேயே கழிந்துவிடும்.

வரிசை என்று மேலே சொன்னதற்கு இன்னொரு எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. சூயசுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் இதுவே பழையது. ராபர்ட் கிளைவ் 1753இல் இங்கேதான் திருமணம் செய்துகொண்டார். பெரும்பாலான வழிகாட்டிகள் இதோடு முடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள். ஆனால் தேவாலயத்தின் வெளிமுற்றத்தில் காலடியில் கிடக்கும் கற்களைக் குனிந்து பார்த்தால், அவை எல்லாம் கல்லறைப் பலகைகள் என்பதும், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று பல மொழிகளில் எழுத்துகள் இருப்பதும் தெரியும். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் பலகையும் இவற்றுள் ஒன்று. இந்தியாவில் எஞ்சியுள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. இத்தேவாலயமோ 1680இல்தான் கட்டப்பட்டது. அப்படியானால் அதற்கு முன்பு இறந்தவரின் கல் இங்கே எப்படி வந்தது?

விடை கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அங்கே பழைய கல்லறைகள் தனியாக நிற்கின்றன. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய விதவையை மணந்த எலிகு யேலின் சிறு வயது மகன் டேவிட்டும் அங்கேதான் அடக்கமானான். பழைய இடுகாடு இங்கேதான் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது உயரமான கல்லறைகளின் மறைவிலிருந்து கோட்டையைத் தாக்கியதால், முற்றுகை நீங்கிய பிறகு ஆங்கிலேயர் இடுகாட்டையே கலைத்தார்கள். இவை போன்ற ஓரிரண்டை மட்டும் விட்டு வைத்தார்கள். பெயர்த்த பலகைகள் தேவாலய முற்றத்துக்குப் போயின. பின்னொரு போரில் பீரங்கிகளைத் தாங்குவதற்காக அவற்றில் சில மறுபடியும் பெயர்க்கப்பட்டன. இரண்டு இடங்களையும் ஒரே காலைப்பொழுதில், இந்த வரிசையில் பார்க்கிறவருக்கு, ஊர் இடிக்கப்பட்ட காரணமும் இடுகாடு கலைக்கப்பட்ட காரணமும் ஒன்றே என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த யேல், பின்னாளில் கொடுத்த நன்கொடையால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயராகிவிட்டார். அவர் பதவியில் இருந்த காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறாரா என்பது, வழிகாட்டியின் நேர்மையை அளக்க எளிய அளவுகோல்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவ அலுவலகங்களும் இயங்குவதால் அடையாள அட்டை வேண்டும், பைகள் சோதிக்கப்படும், நினைத்த இடத்தில் படம் எடுக்க முடியாது. தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நீதிமன்ற வளாகத்துக்குள் போவது அன்றன்றைய பாதுகாப்பு நிலையைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒரு நாள், பொதுமக்களுக்கு வழியுரிமை ஏற்பட்டுவிடக்கூடாது என்பதற்காக அதன் எல்லா வாயில்களையும் பூட்டிவிடும் பழைய வழக்கமும் உண்டு. 1892இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் உச்சிக் கோபுரம் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அதற்கு முன்பு, 1844இல் எழுப்பிய கல்தூண் விளக்கும் வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது.

அரண்மனைக்காரன் தெரு என்ற பெயரை மேலே பயன்படுத்தினேன். அந்தத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர் தெரு என்பது தமிழ்க் காதில் விழுந்து, தெரிந்த சொல்லாக உருமாறிய பெயர் அது. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் அங்கே இருக்கிறது. தனி மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உண்டு. தொழ வருவதற்குத்தான் சபை இல்லை. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரைச் சென்னையில் 1794இல் அச்சிட்டு வெளியிட்ட பாதிரியார் ஹருத்தியுன் ஷ்மவோனியன் இந்த வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தெருவின் இரைச்சலிலிருந்து மரக்கதவைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் கிடைக்கும் அமைதியை விவரிப்பதைவிட, பகலில் சில மணி நேரமே அது திறந்திருக்கும் என்பதைச் சொல்வது பயனுள்ளது.

இந்தப் பெயர் மாற்றங்களை முன்னிட்டே, வடசென்னையைத் தமிழில் சுற்றிப் பார்ப்பதும் ஆங்கிலத்தில் சுற்றிப் பார்ப்பதும் இரண்டு வேறு பயணங்கள் என்று நான் கருதுகிறேன். வெளிநாட்டுப் பயணிகளுக்காக உருவான தொழில் இது என்பதால் வழிகாட்டிகளில் பலருக்கு ஆங்கில உரையே மனப்பாடம். தமிழ்க் குடும்பம் அழைத்தால் அதே உரையைத் தமிழாக்கிச் சொல்கிறார்கள். அப்போது இந்த ஊரின் மிகச் சிறந்த ஆவணமாகிய பேச்சு தவறிப்போகிறது. திருவொற்றியூர் போகும் வழியில் உள்ள காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் படிந்திருக்கவில்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை அது. வால்டாக்ஸ் ரோடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் பெயருக்குள் ஒரு மதிலும் ஒரு வரியும் ஒளிந்திருக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கடலிலிருந்து குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்தக் கப்பலை மறந்தவர்கள்கூட, எதற்கும் துணிந்த கெட்டிக்காரனைப் பார்த்து அவன் சரியான எம்டன் என்று சொல்வதை மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில், பெரியவர்கள் பாரீஸுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் மாலைக்குள் மளிகைச் சாமான்களோடு வந்துவிடுவார்கள். 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் அப்படி ஒரு வெளிநாடாக எங்கள் வீட்டில் வழங்கியது.

ஆனால் பெயர்க்கதைகள் வழிகாட்டிகளுக்கு வழுக்குப் பாறையும்கூட. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே தங்கியதால் தொண்டியார்பேட்டை என்று பெயர் வந்தது என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மஸ்தான் சாகிபு வாழ்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை; தொண்டியார்பேட்டையோ, எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு 1693இலேயே கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் ஒன்று. கணக்கு ஒத்துவரவில்லை. தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சிவாஜி வந்து வழிபட்டார் என்று கோயிலில் சொல்கிறார்கள். அவ்வாண்டில் சிவாஜியின் படை தெற்கே வந்ததும், கோட்டையிலிருந்து அவருக்குப் பரிசுப்பொருள்கள் அனுப்பப்பட்டதும் கம்பெனிப் பதிவுகளில் உள்ளவை. அம்மன் சன்னதியில் நின்றது கோயிலின் மரபு. சுதேசமித்திரனில் பணியாற்றிய காலத்தில் பாரதியார் இக்கோயிலுக்கு வந்துபோனதாகவும் சொல்வார்கள். இவற்றைச் சொல்லக்கூடாது என்பதல்ல. பதிவு எது, மரபு எது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் உள்ளவரா என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டுகொள்ளலாம். ஒரு கதைக்கு ஆதாரம் கேட்டால் முகம் சுளிக்கிறவரோடு மாலை வரை நடப்பது சிரமம்.

யார் இந்த வழிகாட்டிகள்? மத்திய சுற்றுலா அமைச்சகம் பயிற்சியளித்து உரிமம் தரும் வழிகாட்டிகள் ஒரு வகை. அவர்களுக்குக் கோயில் கட்டடக் கலையும் அரச வம்சங்களும் நன்றாகத் தெரியும், ஏனெனில் பயிற்சி பெரும்பாலும் அதில்தான். கறுப்பர் நகரத்துத் தெருக்களில் பேசிக்கொண்டு நடக்க யாரும் உரிமம் கேட்பதில்லை என்பதால், ஆய்வு மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் புகைப்பட ஆர்வலர்களும் சௌகார்பேட்டையில் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக் காட்டுகிறவர்களும் இத்தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள். சுற்றுலாத் தலங்களில் பட்டுக்கடையிலும் சிற்பக்கடையிலும் கிடைக்கும் தரகு வழிகாட்டியின் வருமானத்தில் கணிசமான பங்காக இருப்பது ஊரறிந்த செய்தி. ராசப்பச் செட்டித் தெருவின் இரும்புச் சாமான் கடைக்காரரோ ஆண்டர்சன் தெருவின் காகித வியாபாரியோ சுற்றுலாப் பயணியை எதிர்பார்த்துக் கடை வைக்கவில்லை. தரகு என்ற பேச்சே அங்கு எழாது. அதனால் வடசென்னை வழிகாட்டிக்குக் கட்டணம் மட்டுமே கூலி. அது சற்றுக் கூடுதலாகத் தோன்றுவதற்கும், நடை இடையே எந்தக் கடைக்குள்ளும் உங்களைத் தள்ளாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு ஒரு நாள் என்று விற்கப்படும் பயணங்களில் பெரும்பாலானவை கோட்டையில் தொடங்கிச் சாந்தோம், மயிலாப்பூர் என்று தெற்கே இறங்கிவிடுகின்றன. பாரிமுனைக்கு வடக்கே காரை நிறுத்த இடமில்லை என்பது சொல்லப்படும் காரணம். சொல்லப்படாத காரணம், வடசென்னை என்றால் அடிதடியும் அழுக்கும் என்று பல ஆண்டுகளாகப் பதிந்துபோன சித்திரம். அதன் எதிர்முனையாக, அந்த அடிதடிச் சித்திரத்தையே சரக்காக்கி, குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் குறுகிய சந்துகளையும் வேடிக்கைப் பொருளாகக் காட்டும் நடைகளும் தலையெடுத்திருக்கின்றன. இரண்டுமே இப்பகுதியின் உழைப்பு வரலாற்றைக் கோட்டைவிடுகின்றன. பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் அதில் இருந்தனர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்திய இரண்டு இடங்களில் ஒன்று, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. துறைமுகம் வளர்ந்து, இப்போது அங்கே மணலும் இல்லை, அலையும் இல்லை. காட்டுவதற்கு எதுவுமில்லாத இடத்தில் நின்று பேசத் தெரிந்த வழிகாட்டிக்கு அது மற்றொரு வாய்ப்பு.

சந்தைத் தெருக்களில் அதிகம் விளக்கம் தேவையில்லை. கண்ணும் மூக்கும் போதும். பவழக்காரத் தெருவின் பெயரில் பவழம் விற்ற யூத வணிகர்களின் நினைவு இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் நாணயம் அடித்த காலம் போய்ச் சௌகார்பேட்டையின் குஜராத்தி, மார்வாரிக் குடும்பங்களின் நகைக்கடைகளும் இனிப்புக்கடைகளும் வந்தன. கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை மாலையில் கடற்கரை நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் நின்றுகொண்டே சாப்பிடலாம். ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்த முருகனைப் பாடிய வள்ளலார் சிறுவயது முதல் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமித் தெரு வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஏழுகிணறு என்பதும் வெறும் பெயரன்று. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோகத் தோண்டிய கிணறுகள் அவை.

எந்த நாளில் போவது என்பது நோக்கத்தைப் பொறுத்தது. கடைகள் மூடியிருக்கும் ஞாயிறு காலையில், புதிய கறுப்பர் நகரமாகிய இன்றைய ஜார்ஜ் டவுனின் வீட்டு முகப்புகளும் மரத்தூண்களும் மாடிச் சாளரங்களும் கண்ணுக்குத் தெரியும். வேலை நாளில் வியாபாரம் தெரியும், கட்டடம் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் பெற முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லும் வழிகாட்டியை நம்பலாம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் விடிவதற்கு முன்பே போய் ஏலத்தைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் அந்தச் சுறுசுறுப்பு இராது. அது மக்கள் பிழைக்கும் இடம். கூடையைச் சுமந்து வருகிறவருக்கு வழிவிடாமல் படமெடுத்துக்கொண்டு நிற்பவர்கள் அங்குள்ள பெண்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது முறையே. ராயபுரத்தில் உள்ள பார்சிகளின் தீக்கோயிலுக்குள் பிற சமயத்தவருக்கு அனுமதியில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். வெயிலைப் பொறுத்தவரை, டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்றது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ ரயில் நீண்ட பிறகு, உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை நிலையங்களுக்கு இடையே தாவிக்கொண்டால் கார் நிறுத்த இடமில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை.

பிற்பகலில் ராயபுரத்தை வைத்துக்கொள்வதே நல்லது. ராயப்பர் என்று தமிழ்க் கிறித்தவர்கள் அழைக்கும் புனித பேதுருவுக்குப் படகோட்டிக் குடிகள் எழுப்பிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்துக்கு வரலாம். ஆற்காட்டுக்கு அருகே உள்ள வாலாஜா ரோடு நிலையம் வரை சென்ற அந்த வண்டியைக் கொடியசைத்து அனுப்ப ஆளுநர் ஹாரிஸ் பிரபு வந்திருந்தார். பின்னர் சென்ட்ரல் பெரிதாக வளர, இங்கே தூண் வரிசையும் அமைதியும் மிஞ்சின.

அங்கிருந்து பழைய சிறைச்சாலைச் சாலைக்கு வந்தால் மாடிப் பூங்கா. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், முதியவர்கள் காற்றுவாங்குகிறார்கள். தரைமட்டத்துக்கு மேலே ஒரு பூங்கா ஏன் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஹைதர் அலியின் குதிரைப்படை 1760களின் இறுதியில் ஊர் எல்லைவரை வந்து கலங்கடித்த பிறகு, புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி ஒரு மதில் எழுப்பியது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. அந்த மதிலில் எஞ்சிய துண்டின் மேல்தான் பூங்கா அமைந்திருக்கிறது. மதில் கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வசூலிக்கக் கம்பெனி திட்டமிட்டது. அப்படி வரி போட அதற்கு அதிகாரமில்லை என்ற சிக்கல் எழுந்து, வசூல் நடக்கவே இல்லை. மேற்கு மதிலை ஒட்டிப் போட்ட சாலைக்கு மட்டும் அந்த வரியின் பெயர் நிலைத்தது. வால்டாக்ஸ் ரோட்டில் சென்ட்ரலை நோக்கி ஆட்டோ பிடிக்கும்போது, வழிகாட்டி அன்றைக்குச் சொல்ல வேண்டிய கடைசிச் செய்தி அதுவாக இருக்கும்.